பொலிஸ் சின்னமும் பெட்டிக்குள் இருந்த கடுதாசிகளும்

கேள்வி: வணக்கம் ஐயா. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் படிப்பிக்கிறேன். பழைய பொலிஸ் சின்னங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். தொப்பிச் சின்னம், தோள் இலக்கம், பட்டிக் கொளுக்கி, விசில் என்று ஒரு கண்ணாடி அலுமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். போன மாதம் வவுனியாவில் பழைய இரும்பு வாங்கி விற்பவர் ஒருவரிடம் ஒரு றங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே அரச முடி (கிரீடம்) போட்ட பித்தளைத் தொப்பிச் சின்னம், 'சிலோன் பொலிஸ்' என்ற எழுத்தோடு. தோல் இடுப்புப்பட்டி, சங்கிலியோடு விசில். அவற்றுக்குக் கீழே ஒரு கட்டுக் கடுதாசி. அந்தக் கான்ஸ்டபிளின் சேவைச் சான்றிதழ், 1950களின் சம்பளத் துண்டுகள், சிங்களப் பரீட்சை பற்றி மேலிடத்திலிருந்து வந்த கடிதம், பொக்கற் நோட்டுப் புத்தகம் இரண்டு, கல்யாணப் பதிவுப் பிரதி, மனைவி எழுதிய கடிதங்கள் நூலால் கட்டினபடி, சீருடையோடு எடுத்த படம், மனைவியின் அடையாள அட்டை, முத்தையன்கட்டுப் பக்கம் மனைவி பெயரில் ஒரு காணி அனுமதிப்பத்திரம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் படங்களைப் பார்த்துவிட்டு, சின்னமும் அதே ஆளின் பத்திரங்களும் ஒன்றாக வந்தால் மூன்று மடங்கு விலை தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? சின்னம் எந்தக் காலத்தது? எப்படித் துலக்குவது? பட்டிக் கொளுக்கியைச் சுற்றி மெழுகுபோலப் பச்சையாகப் பிசுபிசுக்கிறது. சில படங்களும் அனுப்பியிருக்கிறேன். குடும்பத்தைத் தேடத்தான் வேண்டுமா? தேடினால் பெட்டியையே கேட்டுவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட ஒழுங்கில் பதில் சொல்லப் போவதில்லை. பட்டியலின் கடைசியில் போட்டிருக்கிறீர்களே, காணி அனுமதிப்பத்திரம், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது சேகரிப்புப் பொருள் அல்ல. இன்றைக்கும் உயிருள்ள பத்திரம்.

வன்னியில் காணிக் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த பெர்மிட்டை நம்பித்தான் குளத்தை அண்டின குடியேற்றங்களில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. பெர்மிட்டில் பின்னுரிமையாளர் (உரிமைகாரருக்குப் பின் காணி சேர வேண்டியவர்) பெயர் எழுதியிருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் இன்றைக்குப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காணி போகிறது. 2008, 2009இல் ஊர் ஊராக ஓடும்போது சனம் முதலில் தூக்கினது பத்திரப் பைதான். அதையும் வழியில் விட்டவர்கள் ஏராளம். பல இடங்களில் அலுவலகப் பதிவேடுகளும் அழிந்துபோயின. அதனால் இன்றும் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில், 'பெர்மிட் இருந்தது, தொலைந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டு யாராவது கதிரையில் இருக்கிறார்கள். உங்கள் அலுமாரியில் இருக்கும் அந்தத் தாள் அப்படி ஒரு குடும்பத்தின் தாளாக இருக்கலாம். வெளிநாட்டுக்காரருக்கு அது அலங்காரம். அவர்களுக்கு அது வேலியும் வரம்பும்.

ஆகவே முதல் வேலை இது: பெர்மிட்டை முன்னும் பின்னும் படமெடுத்துக்கொண்டு, காணி இருக்கும் பிரிவின் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். காணி உத்தியோகத்தரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். மூலப் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வர வேண்டாம். கையளிக்கச் சொன்னால் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு கையளியுங்கள். உரிமைகாரரை அவர்களால் பெரும்பாலும் உங்களைவிட விரைவாகக் கண்டுபிடிக்க முடியும்.

இனி விலை பேசும் விடயம். நான் ஆவணப் பாதுகாப்பில் வேலை செய்கிறவன். சேகரிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நீங்கள் அந்தப் பெட்டியை வாங்கியிருக்காவிட்டால் சின்னம் உருக்குக்கும் கடுதாசி கடலைச் சரைக்கும் போயிருக்கும். அந்த வெளிநாட்டு ஆள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சின்னத்தோடு அதை அணிந்தவரின் பத்திரம் சேர்ந்திருந்தால்தான் அந்தச் சின்னத்துக்கு வரலாறு. இல்லாவிட்டால் அது வெறும் பித்தளைத் துண்டு, ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அதே காரணத்தால்தான் அந்தப் பத்திரங்களை விலைக்குக் கொடுக்கக் கூடாது என்கிறேன். விலையை மூன்று மடங்காக்குவது பித்தளை அல்ல, ஒரு மனிதனின் பெயர். அந்தப் பெயருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அடுத்தது, பெட்டி கடைக்காரரிடம் எப்படி வந்தது என்று கேட்டீர்களா? போர் முடிந்த பின் வன்னியில் கைவிடப்பட்ட வீடுகளிலிருந்து இரும்பு, தகரம், றங்குப் பெட்டி எல்லாம் லொறி லொறியாகப் போனது உங்களுக்குத் தெரியும். இடம்பெயர்ந்தவர் விட்டுப்போன பொருள் வேண்டாமென்று எறிந்த பொருள் ஆகாது. விற்றவருக்கே இல்லாத உரிமை வாங்கினவருக்கு வராது என்பது பொருள் விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. நீங்கள் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் காசு குடும்பத்தின் உரிமையை அழித்துவிடாது. கடைக்காரரிடம் திரும்பிப் போய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, எப்போது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி ஒரு கொப்பியில் எழுதுங்கள். தேதி போடுங்கள். கொடுத்த விலையையும் எழுதுங்கள். 'ஆரோ பொடியன் கொண்டுவந்தான்' என்றுதான் சொல்லுவார் என்றாலும் அதையும் எழுதுங்கள்.

ஏற்றுமதி பற்றி ஒரு சொல். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களையே தொல்பொருள் என்கிறது. அதனால் பொலிஸ் சின்னம் அந்த வகைக்குள் வராது. ஆனால் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் என்று வேறொன்று இருக்கிறது. பழைய ஆவணமோ கையெழுத்துப் பிரதியோ நாட்டை விட்டுப் போகுமுன் அனுமதி வேண்டுமா என்று தொல்பொருள் திணைக்களத்திலோ தேசிய சுவடிகள் திணைக்களத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'பழைய கடிதம்தானே' என்று தபாலில் போட்டுவிட வேண்டாம்.

பெட்டியில் இருப்பவை எல்லாம் ஒரே சாதிக் கடுதாசி அல்ல. பிரித்துப் பார்ப்போம்.

பொக்கற் நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் படமெடுத்து அனுப்பின பக்கத்தைப் பார்த்தேன். மாட்டுக் களவு முறைப்பாடு. மாட்டின் நிறம், குறிசுட்ட அடையாளம், கொம்பின் வளைவு, எந்த வாய்க்கால் பக்கம் கடைசியாகக் கண்டது, சந்தேகப்படுகிறவரின் பெயர், தகப்பன் பெயர், ஊர். எழுத்து ஓடி ஓடி எழுதினது. ஆங்கிலத்தில் தொடங்கி நடுவில் தமிழுக்கு மாறி, கடைசியில் நேரமும் கையெழுத்தும். வன்னியில் ஒரு கான்ஸ்டபிளின் அன்றாடம் அந்த ஒரு பக்கத்திலேயே தெரிகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தேகநபர் குற்றவாளியா என்று அந்தப் பக்கம் சொல்லவில்லை. அவருடைய பேரன் இன்று உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அரச கடமையில் எழுதின குறிப்பு அரசுக்குச் சொந்தமான பதிவு. அது கான்ஸ்டபிளின் வீட்டுக்கு வந்ததே ஒழுங்கல்ல. அவருக்கும் விற்க உரிமை இருந்ததில்லை, உங்களுக்கும் இல்லை. இந்த இரண்டு புத்தகங்களைப் பற்றியும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுப் பதிவுகளைக் காக்க 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பொலிஸ் நிலைய முறைப்பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் எப்போதாவது கையில் வந்தாலும் இதே வழிதான்.

சேவைச் சான்றிதழ், சம்பளத் துண்டு, சிங்களப் பரீட்சைக் கடிதம் எல்லாம் அவருக்குக் கொடுக்கப்பட்டவை, அவருடையவை. அவருக்குப் பின் குடும்பத்துடையவை. அந்தப் பரீட்சைக் கடிதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் அரச ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சி காட்டாவிட்டால் சம்பள ஏற்றமும் சில வேளை வேலையும் சிக்கலில் போனது. அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் ஒரு சாதாரணக் கான்ஸ்டபிளின் பெயருக்கு, தேதியிட்டு, இத்தனை மாதத்துக்குள் சித்தியடைய வேண்டும் என்று வந்த கடிதம் எத்தனை வீட்டில் மிஞ்சியிருக்கும்? வரலாறு படிக்கிறவனுக்கு உங்கள் பெட்டியில் மிகப் பெறுமதியானது சின்னம் அல்ல, அந்தத் தாள். சேகரிப்பாளர் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

மனைவியின் கடிதங்கள் வேறு. கட்டை அவிழ்த்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. அவிழ்க்கவில்லை என்றால் அப்படியே விடுங்கள். வேற்றூரில் கடமையில் இருந்த புருஷனுக்கு ஒரு பெண் எழுதினதை வாசிக்கிற உரிமை பெட்டிக்குக் கொடுத்த காசோடு வராது. சட்டமும் இந்தப் பக்கம்தான்: தாள் உங்கள் கையில் இருந்தாலும் எழுதினவற்றின் பதிப்புரிமை எழுதினவருக்கும், அவர் காலத்துக்குப் பின் 70 வருடம் அவருடைய வாரிசுக்கும் உரியது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. படமெடுத்துப் போடுவதும் இதற்குள் வரும்.

அடையாள அட்டையின் படத்தை அந்த வெளிநாட்டு ஆளுக்கு அனுப்பியிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு பிறந்த வருடம்; அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணைத் தெரிந்தவனுக்குப் பிறந்த நாளும் தெரியும். ஓய்வூதியம், வங்கி, காணி எல்லாவற்றிலும் அந்த எண்தான் நிற்கிறது. இறந்தவரின் எண்ணும் தப்பான கையில் போகக் கூடாது.

சரி, இப்போது நீங்கள் ஆவலோடு காத்திருக்கும் சின்னத்துக்கு வருகிறேன்.

முடியின் வளைவைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உருண்டு மேலேறி உச்சியில் கூடினால் அது அரசர் காலத்து முடி: 1901இல் விக்டோரியா இறந்த பிறகு தொடங்கி 1952இல் ஆறாம் ஜோர்ஜ் இறக்கும்வரை. உச்சியில் வளைவு உள்ளே பள்ளமாக இறங்கி, அந்தப் பள்ளத்தில் உருண்டையும் சிலுவையும் நின்றால் அது எலிசபெத் அரசியின் முடி. 1953ஐ ஒட்டிப் பிறகு வந்தது. உங்கள் படத்தில் பள்ளம் தெரிகிறது என்றே நினைக்கிறேன். சம்பளத் துண்டுகளின் காலத்தோடும் அது ஒத்துப்போகிறது. முடி இருந்தால் 1948க்கு முந்தியது என்று பலர் விலை ஏற்றுவார்கள். நம்ப வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகும் 1972 மே 22இல் குடியரசாகும்வரை நாட்டின் தலைமை முடிக்கே இருந்தது. 'சிலோன்' என்ற பெயரும் அதுவரை நின்றது. புது அச்சு வந்தாலும் பழைய கையிருப்பு முடியும்வரை பாவனையில் இருப்பது படைகளில் வழக்கம். ஆகவே முடி ஒரு எல்லையைத்தான் காட்டும், வருடத்தை அல்ல.

பின்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். அச்சில் அடித்த சின்னத்தில் முன்பக்க மேடு பின்பக்கத்தில் பள்ளமாக ஓரளவு தெரியும். கோடுகள் கூர்மையாக இருக்கும். உருக்கி வார்த்த போலியில் எழுத்தின் ஓரம் மழுங்கி, சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். வளையம் ஒட்டின இடத்தில் ஈயம் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். உற்பத்தியாளர் பெயர் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், இங்கிலாந்தின் ஜே. ஆர். காண்ட் போன்ற நிறுவனங்கள்தான் குடியேற்ற நாடுகளுக்கு இப்படியானவற்றைச் செய்து அனுப்பின. விசிலில் பேர்மிங்காம் ஜே. ஹட்சன் என்று இருந்தால் கூடவே பொறித்த முகவரியையும் பாருங்கள். அந்த நிறுவனம் இடம் மாறி மாறி இருந்ததால் முகவரியே காலத்தைக் காட்டும். தோள் இலக்கத்தை மட்டும் வைத்து ஆளைத் தேட வேண்டாம். பிரித்தானிய முறையில் அமைந்த படைகளில் ஒருவர் விலகினால் அதே இலக்கம் இன்னொருவருக்குப் போவதுண்டு.

வன்னியில் சின்னம் சேர்ப்பவர்களுக்கு இன்னொன்று. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடும் 1866 செப்டம்பர் 3இல் கேம்பல் தலைமை ஏற்றதோடும் இலங்கைப் பொலிஸ் தொடங்குகிறது என்று கணக்கு. ஆனால் காட்டூர்களில் சீருடைப் பொலிஸைச் சனம் கண்டது குறைவு. ஊரில் அமைதி காப்பது, களவு விசாரிப்பது, ஆளைப் பிடித்து ஒப்படைப்பது எல்லாம் விதானைமார் (அரசு நியமித்த ஊர்த் தலைமைக்காரர்) கையில் இருந்தது. 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவையாளர் வந்தார்கள். 'என் பாட்டன் பொலிஸ்' என்று ஒருவர் கொண்டுவந்து காட்டுவது விதானையாரின் நியமனப் பத்திரமாக இருக்கலாம். அதைப் பொலிஸ் பத்திரம் என்று எழுதிவைத்தால் அடுத்த தலைமுறைக்குப் பிழையைக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இப்போதைய பாவனையில் உள்ள சின்னம், அடையாள அட்டை எதையும் வாங்க வேண்டாம். சேவையை விட்டுப் போகிறவர் திருப்பிக் கொடுக்க வேண்டியவை அவை. வெளியே வந்தால் மோசடிக்குப் பயன்படும்.

துலக்குவது பற்றிக் கேட்டீர்கள். துலக்க வேண்டாம். பிராஸோவும் வேண்டாம், புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். குத்துவிளக்குக்குச் செய்வதைச் சின்னத்துக்குச் செய்தால் எழுத்தின் விளிம்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்துபோகும். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்று, மேலே செம்பு நிறத் திட்டுகளை விட்டுவிடும். அந்தக் கான்ஸ்டபிள் ஒவ்வொரு காலையும் துலக்கித் துலக்கி முடியின் மேடு தேய்ந்திருக்கும் பாருங்கள், அதுவும் அவருடைய வாழ்க்கையின் அடையாளம். அதை உங்கள் தேய்ப்பால் மூட வேண்டாம். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, பஞ்சால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு ரேகையாகப் பதிந்து கறுக்கும், கையுறை போடுங்கள்.

பட்டியின் கொளுக்கியைச் சுற்றி மெழுகுபோலப் பச்சையாகப் பிசுபிசுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தோலிலுள்ள எண்ணெயும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்து உண்டாக்குவது அது. துடைத்துவிட்டு, கொளுக்கிக்கும் தோலுக்கும் இடையில் ஒரு துண்டு பொலியெஸ்டர் தாள் செருகுங்கள். சின்னத்தைப் பட்டியோடு ஒட்டி வைக்க வேண்டாம். றப்பர் பட்டியால் எதையும் கட்டவும் வேண்டாம். றப்பரின் கந்தகம் உலோகத்தையும் கெடுக்கும், படத்தையும் கெடுக்கும்.

கடுதாசிக்குச் செய்யக் கூடாத முதல் காரியம் லமினேற் பண்ணுவது. எங்கள் ஊர்களில் பிறப்புப் பத்திரம் தொடங்கிப் பள்ளிக்கூடச் சான்றிதழ்வரை கடையில் கொடுத்துச் சூட்டோடு பிளாஸ்ரிக் ஒட்டுவது பழக்கமாகிவிட்டது. ஒட்டினால் ஒட்டினதுதான், பிரிக்க முடியாது. உள்ளே தாள் மஞ்சளித்துக்கொண்டே போகும். குண்டூசி, ஸ்ரேப்பிள் துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். செலோரேப் கிட்டவே கொண்டுவர வேண்டாம். கிழிந்த இடத்தை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் கிடத்தி வையுங்கள். ஊற்றுப்பேனை மை தண்ணீர் பட்டால் ஓடும், ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். மடிப்பை விரித்துத் தட்டையாக, நல்ல வெள்ளை ஏ4 தாள்களுக்கு நடுவே, ஒரு கோப்பில் போதும். தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். நிலத்தில் வேண்டாம், கறையான் ஒரு கிழமையில் முடித்துவிடும். மாரியில் ஐப்பசி தொடங்கித் தைவரை ஈரம் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். ஒட்டிப்போன படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். எதைச் செய்யுமுன்னும் பெட்டியில் எது மேலே எது கீழே இருந்தது என்று கொப்பியில் குறித்துவிடுங்கள்.

குடும்பத்தைத் தேடுவது கட்டாயம். அதை நீங்கள் நினைக்கிறதைவிட லேசாகச் செய்யலாம். சேவைச் சான்றிதழில் பிறந்த ஊர் இருக்கும். கடமை செய்த ஊரும் பிறந்த ஊரும் பெரும்பாலும் வேறு. அந்தக் காலத்து மாவட்டப் பெயரை இன்றைய வரைபடத்தில் அப்படியே வைத்துத் தேட வேண்டாம். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டமாயின. பழைய தாளில் வவுனியா மாவட்டம் என்றிருப்பது இன்று முல்லைத்தீவாக இருக்கலாம்; யாழ்ப்பாண மாவட்டம் என்றிருப்பது இன்று கிளிநொச்சியாக இருக்கலாம். ஊர் தெரிந்தால் கிராம அலுவலர். கல்யாணப் பதிவில் கோயிலோ தேவாலயமோ இருந்தால் அங்கே கேளுங்கள். பங்குப் பதிவேடு போல நீளமான நினைவு வேறெங்கும் இல்லை. பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவும் ஒரு வழி. பொலிஸ்காரரின் மனைவி விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் எடுத்திருப்பார். முகவரி தரச் சொல்லிக் கேட்க வேண்டாம், தர மாட்டார்கள், தரவும் கூடாது. நீங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, குடும்பத்துக்குச் சேர்ப்பிக்க முடியுமா என்று கேளுங்கள்.

பத்திரிகையில் விளம்பரம் போட்டால் பெயரின் முதலெழுத்து, ஊர், ஏறத்தாழக் காலம் இவ்வளவு போதும். காணிப் பத்திரம் இருக்கிறது என்று எழுதவே வேண்டாம். எழுதினால் வேறு ஆட்கள் வருவார்கள். வருகிறவரிடம் நீங்கள் வெளியே சொல்லாத ஒன்றைக் கேளுங்கள். படத்தில் மனைவியோடு வேறு யார் நிற்கிறார்கள், கல்யாணம் எந்த ஊரில் பதிந்தது, இப்படி. உண்மையான பிள்ளை தயங்காமல் சொல்லும்.

பெட்டியைக் கேட்டுவிடுவார்களோ என்றீர்கள். கேட்டால் கொடுங்கள். நீங்கள் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் என் அனுபவத்தில் பத்திரமும் படமும் கையில் வந்த சந்தோசத்தில் பல குடும்பங்கள் சின்னத்தை, 'தம்பி, நீங்களே கவனமாக வைத்திருங்கோ' என்று விட்டுப்போகும். அப்படி விட்டால் ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்திரங்களைப் படமெடுத்து வைக்க அனுமதியையும் அப்போதே கேளுங்கள். தகப்பன் பெயரைச் சொல்லித் தந்த சின்னத்துக்கு உங்கள் அலுமாரியில் கிடைக்கும் இடம் வேறு, காசு கொடுத்து வாங்கினதுக்குக் கிடைக்கும் இடம் வேறு.

இன்னொரு சங்கதியையும் எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் நீங்கள் வன்னியில் இருந்து சேர்க்கிறீர்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து 2009வரை இங்கே விடுதலைப் புலிகளின் தமிழீழக் காவல்துறை இருந்தது. அதன் சின்னமும் பத்திரமும் இரும்புக் கடைக்கு வரத்தான் செய்யும். வாங்க வேண்டாம், விற்க வேண்டாம், படம் போட வேண்டாம். தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னம் என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உங்களைக் கூப்பிட இடமுண்டு. ஏற்கெனவே கையில் இருந்தால், வேறெதுவும் செய்யுமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். பயம் உங்களுக்காக மட்டும் அல்ல. அந்தத் தாள்களில் இருக்கும் பெயர்களில் சிலர் உயிரோடு, தங்கள் பழைய கதையைச் சொல்லாமல் குடும்பம் நடத்துகிறார்கள். சிலரைத் தேடி 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரம் இருந்தார்கள். காணாமல் போனவர் ஒருவரின் பெயரோடு ஒரு பத்திரம் வந்தால் அது சாட்சி. அதை வைத்து ஒரு தாய் எதையாவது அறிந்துகொள்ள முடியும். சட்டத்தரணி மூலம், பற்றுச்சீட்டோடு, அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

மண்ணைத் தோண்டி எடுக்கவே வேண்டாம். சின்னம் தேடி உலோகம் காட்டும் கருவியோடு காட்டுக்குள் போகிற பொடியன்களைப் பற்றி வேறொரு வாசகரும் எழுதியிருந்தார். முதலில் கண்ணிவெடி. அடுத்தது, அனுமதியில்லாத தோண்டல் என்று பிடிபடுவீர்கள். மூன்றாவதுதான் எனக்குப் பெரிது: 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்தன, உடைகளோடு. இந்த மண்ணில் ஒரு கொளுக்கியோ பொத்தானோ தட்டுப்பட்டால் அதற்குப் பக்கத்தில் அதை அணிந்தவரும் இருக்கலாம். எடுத்துக் கழுவிக் கொண்டுபோனால், அவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரே தடயத்தை எடுத்துப் போனவர்கள் ஆவோம். தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவித்து நீதவானின் பார்வைக்கு வரச் செய்யுங்கள்.

எவ்வளவு தேடியும் குடும்பம் கிடைக்காவிட்டால்? ஒரு வருடம் தேடுங்கள். பிறகு சேவைப் பத்திரங்களை தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனம் போன்ற ஓர் இடத்தில் எண்ணிமப்படுத்த (ஸ்கான் பண்ணி வைக்க) கொடுக்கலாம். சின்னத்தோடு அவை பிரியாமல் உங்கள் பொறுப்பிலேயே இருக்கலாம். மனைவியின் கடிதங்களையும் அடையாள அட்டையையும் அதில் சேர்க்க வேண்டாம். ஒரு உறையில் போட்டு மூடி, 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அலுமாரி யாரிடம் போகும் என்பதையும் கொப்பியில் எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டு ஆளுக்கு இன்றே பதில் போடுங்கள்: பத்திரங்கள் விற்பனைக்கு இல்லை, சின்னத்தைப் பற்றிக் குடும்பத்தைக் கண்ட பிறகு பேசலாம் என்று. நல்ல சேகரிப்பாளர் என்றால் விளங்கிக்கொள்வார். எனக்குச் சின்னத்தின் பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படமும், விசிலின் முகவரி தெரிய ஒரு படமும் அனுப்புங்கள். காலத்தை இன்னும் நெருக்கிச் சொல்லலாம். பத்திரங்களின் படம் எனக்கும் இனி அனுப்ப வேண்டாம்.